நாவலந்தீவும் நம் ஊர்ப் படமும்

  

ஆண்டுக்கு மும்முறை, ஆஷாட, கார்த்திக, பால்குனத் திங்கள்களின் வளர்பிறை இறுதி எட்டு நாட்களில், நாம் நந்தீஸ்வர வழிபாடு இயற்றுகின்றோம். ஐம்பத்திரண்டு ஜினாலயங்களை உடைய அத்தீவிற்குத் தேவர்கள் சென்று வணங்குகின்றனர் என்பது ஆகமம். மானிடராகிய நாம் அங்குச் செல்ல இயலாது. ஆகவே, உலோகத்தில் வார்த்த சிறு வடிவத்தை முன்னிறுத்தி நீராட்டி அருச்சனை புரிந்து மனநிறைவு கொள்கின்றோம். எந்தக் கப்பலும் சென்று சேராத தீவு அது. எந்தப் பள்ளி வரைபடத்திலும் இடம்பெறாத தீவு அது. ஆயினும் அதன் அளவு மட்டும் நமக்குத் தெரியும். நாவலந்தீவு ஒரு லட்சம் யோஜனை. அதனைச் சூழ்ந்த லவண சமுத்திரம் இரண்டு லட்சம். அடுத்த தாதகீகண்டம் நான்கு லட்சம். காலோதக் கடல் எட்டு லட்சம். இவ்வாறு தீவும் கடலுமாக மாறி மாறி இரட்டித்துச் சென்றால் பதினைந்தாம் இடத்தில் நந்தீஸ்வரம் வரும். அதன் அகலம் 163 கோடியே 84 லட்சம் யோஜனை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் பலகையில் பெருக்கிச் சரிபார்க்கத்தக்க கணக்கு இது.

இத்தீவு எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்கின்றனர். அந்தக் கேள்வி குறும்பன்று, நியாயமானது. அதற்கு நேர்மையான விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர், யாம் ஒருமுறை நேர்மையற்ற விடை கூறிய வரலாற்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

யாம் கடலூரில் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 1969-ஆம் ஆண்டின் ஜூலைத் திங்களில்தான் மனிதன் நிலவில் கால் பதித்தான். அன்று முதல் எம் வாழ்வில் இரு படங்கள் உடன்வந்தன. பகலில் பள்ளியில் உலக உருண்டையைச் சுழற்றிக் காட்டிக் கண்டங்களையும் கடல்களையும் கற்பிப்போம். மாலையில் சிதம்பரத்தில் எம் இல்லத்துத் திண்ணையில், நம் சமுதாயப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை அமர்த்தி, தத்துவார்த்த சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் கூறும் ஏழு க்ஷேத்திரங்களையும் ஆறு குலமலைகளையும் மனனம் செய்விப்போம். இரண்டையும் ஒரே பிள்ளையின் முன் ஒருசேர வைத்ததே இல்லை. வைத்தால் ஒன்று மற்றொன்றை உடைத்துவிடும் என்ற அச்சம் எமக்கிருந்தது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. அன்று காலை ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. கடலூர்த் தேவனாம்பட்டினமும், சிதம்பரத்தை அடுத்த கடலோரச் சிற்றூர்கள் பலவும் துயரில் மூழ்கின. சில நாட்கள் கழித்து மாலை வகுப்பு மீண்டும் கூடியது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். லவண சமுத்திரத்தின் நீர் வளர்பிறையில் உயர்ந்து பௌர்ணமியன்று உச்சம் அடையும் என்றும், அது நிலத்தில் புகாதவாறு நாககுமாரத் தேவர்கள் தாங்கி நிற்கின்றனர் என்றும் முந்தைய திங்களில்தான் அவனுக்குக் கற்பித்திருந்தோம். அவன் கேட்டது ஒரே ஒரு வினா.

“டீச்சர், அன்னிக்கும் பௌர்ணமிதானே? நாககுமாரங்க எல்லாம் எங்க போயிருந்தாங்க?”

யாம் கூறிய விடை இது: “அவரவர் வினைப்பயன். தேவர்களால் வினையைத் தடுக்க முடியாது. உட்கார்.”

அவன் அமர்ந்தான். அவனுடைய வகுப்புத் தோழர் இருவர் அவ்வலையில் மாண்டிருந்தனர் என்பது எமக்குப் பிறகே தெரிந்தது. அடுத்த வாரம் முதல் அவன் வகுப்பிற்கு வரவில்லை. அன்று யாம் செய்தது ஒன்றன்று, இரண்டு பிழைகள். வினைக் கோட்பாட்டை ஒரு குழந்தையின் வாயை அடைக்கும் கதவாகப் பயன்படுத்தினோம். அது முதற் பிழை. லவண சமுத்திரத்தையும் வங்கக் கடலையும் ஒன்றென அவன் மயங்குமாறு கற்பித்திருந்தோம். அது அதற்கும் மூத்த பிழை. இருபது ஆண்டுகள் கடந்தபின் அவனுக்குரிய விடையை இங்கே எழுதுகின்றோம்.

பாடலிகையில் எழுந்த நூல்

நம் உலகியல் நூல்களுள் காலத்தால் பழமையான ஒன்று நம் கடலூரிலேயே எழுந்தது என்பதை நம் இளைஞர் பலர் அறியார். அதன் பெயர் லோகவிபாகம். சர்வநந்தி என்னும் முனிவர் பிராகிருதத்தில் இயற்றிய அம்மூலம் இன்று கிடைக்கவில்லை. சிம்ஹசூரி என்பார் பிற்காலத்தில் வடமொழியில் ஆக்கித் தந்த வடிவமே நம் கையில் உள்ளது. அதன் இறுதிப் பகுதி மூலநூல் எழுந்த இடத்தையும் காலத்தையும் குறிக்கின்றது. பாணராஷ்டிரத்துப் பாடலிகை என்னும் ஊரில், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380-இல், சனி உத்திராடத்திலும் குரு இடபத்திலும் நின்ற காலத்தில் அந்நூல் எழுதப்பெற்றது. பொது ஆண்டுக் கணக்கில் அது 458. பல்லவர் காலக் கணிப்பிற்கு இக்குறிப்பு ஓர் அச்சாணி. சுழியத்தோடு கூடிய இடமதிப்பு எண்முறையின் பழஞ்சான்றுகளுள் ஒன்றாகவும் கணித வரலாற்றறிஞர் இந்நூலை எடுத்துக்காட்டுவர்.

அப்பாடலிகையே இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. பாடலி என்பது பாதிரி மரம். பெரியபுராணம் கூறும் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியும் இவ்வூரதே. கெடிலம் கடலொடு கலக்கும் இப்பகுதியில் அமர்ந்து ஒரு முனிவர் நாவலந்தீவையும் லவண சமுத்திரத்தையும் எழுதினார்.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நூலின் உள்ளே மேரு, விதேகம், நந்தீஸ்வரம். நூலின் முடிவிலோ ஊர், நாடு, மன்னன், ஆண்டு, கோள்நிலை. அதாவது, தாம் எங்கே எப்பொழுது எழுதினோம் என்று குறிக்க வேண்டிய இடத்தில் அவர் மேருவிலிருந்து அளக்கவில்லை. பாணராஷ்டிரத்துப் பாடலிகை என்று குறித்தார். உலகின் வடிவைச் சிந்திக்கச் செய்ய வேண்டிய இடத்தில் பாணராஷ்டிரத்தின் எல்லைகளைக் கூறிக்கொண்டிராமல் மேருவை எடுத்துரைத்தார். இரு படங்களும் ஒரே சுவடியில் இருந்தன, ஒன்றையொன்று உடைக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்தது. அறுபதுகளின் இறுதியில் அதே ஊரில் பயிற்சி பெற்ற எமக்கு அந்தத் தெளிவு வாய்க்கவில்லை.

ஒட்டிப் பார்க்கும் முயற்சி

நாவலந்தீவைப் புவிப்படத்தின் மேல் ஒட்டிப் பார்க்க முயன்றோர் பலர். இமவான் என்பது இமயம், சிந்து என்பது சிந்து நதி, விஜயார்த்தம் என்பது விந்தியம் என்பர். பெயர் ஒற்றுமை உண்மையே, அளவு ஒவ்வாது. ஒரு யோஜனையைச் சிறு கணக்கில் எட்டு மைல் என்று கொண்டாலும் நாவலந்தீவின் விட்டம் எட்டு லட்சம் மைல் ஆகும். நம் பூமியின் விட்டமோ எட்டாயிரம் மைலுக்கும் குறைவு. ஆகமத்தின் கங்கை இமவான் மலைமேலுள்ள பத்மப் பொய்கையில் தோன்றிப் பதினாலாயிரம் கிளையாறுகளுடன் விஜயார்த்தத்தைக் கடந்து லவண சமுத்திரத்தில் புகும். புவிப்படத்தின் கங்கை இமயப் பனியாற்றில் தோன்றி வங்கக் கடலில் புகும். தில்லைக் கோயிலின் உள்ளே இருக்கும் திருக்குளத்திற்குச் சிவகங்கை என்று பெயர். காசியிலிருந்து அங்கே ஆறு பாய்கின்றது என்று எவரும் கருதுவதில்லை. பெயர் ஒன்று, பொருள் வேறு.

மற்றொரு சாரார் எதிர்த்திசையில் சென்றனர். ஆகமம் பொய்க்கலாகாது என்னும் பற்றினால், பூமி உருண்டை என்பதையும் நிலவில் மனிதன் இறங்கியதையும் மறுத்து வாதிட்டனர். அவர்தம் பக்தியை வணங்குகின்றோம். வழியை ஏற்றுக்கொள்ள இயலவில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் நம் மக்கள் மிகுதியாக வாழும் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். இன்று நம் பிள்ளையிடம் சென்று அஃது இறங்கவில்லை என்று கூறினால், அவன் சந்திரயானை விடமாட்டான். நம்மையும் நம் ஆகமத்தையும் சேர்த்து விட்டுவிடுவான். வாய்மை நம் விரதங்களுள் ஒன்று. கண்டறியப்பட்டதை இல்லை என்று மொழிவது எந்த ஆகமத்தையும் காக்காது.

அப்படியாயின் நாவலந்தீவு உண்டா, இல்லையா? அவ்வழக்கைத் தீர்க்கும் தகுதி எமக்கில்லை. கேவல ஞானம் எமக்கு இல்லை. ஆனால் ஒன்றை உறுதியாகக் கூறலாம். அது கடலூர் மாவட்டத்து வரைபடம் அன்று. அவ்வாறு பயன்படுத்துமாறு நம் ஆசாரியர்கள் அதனைத் தரவும் இல்லை.

எதற்காகத் தந்தனர்?

இதற்கு விடை ஆகமத்திலேயே உள்ளது. தர்ம தியானம் நான்கு வகைப்படும். அவற்றுள் நான்காவது ஸம்ஸ்தான விசயம்; உலகின் வடிவத்தைச் சிந்தித்தல். பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் ஒன்று லோக அனுப்பிரேட்சை. ஆக, மேருவும் தீவுகளும் கடல்களும் பயணிக்கு வழிகாட்டத் தந்தவை அல்ல. தியானத்தில் அமர்ந்தவனுக்குத் தந்தவை.

பயிற்சிப் பள்ளியில் எமக்கு முதலில் கற்பித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. ஆகவே புவியியல் பாடத்தை வகுப்பறையின் படத்தில் தொடங்குவோம். பிறகு பள்ளி, தெரு, ஊர், மாவட்டம், மாநிலம், நாடு, உலகம் என்று விரிப்போம். அந்தப் படத்தில் நடுப்புள்ளி நான். என்னிலிருந்து உலகம் விரிகின்றது.

ஆகமப் படம் இதற்கு நேர்மாறாக நடக்கின்றது. பதினான்கு கயிறு உயரமுடைய மூவுலகில் தொடங்கி, மத்திய லோகத்திற்கு இறங்கி, எண்ணிலடங்காத் தீவு கடல்களைக் கடந்து, மனிதர் வாழும் இரண்டரைத் தீவிற்கு வருகின்றது. அதன் நடுவே நாவலந்தீவு. அதனை 190 கூறாக்கினால் ஒரு கூறு பரத க்ஷேத்திரம். 526 யோஜனையும் பத்தொன்பதில் ஆறு பங்கும். பரதத்தின் ஆறு கண்டங்களுள் ஒன்று ஆரிய கண்டம். அதன் ஒரு மூலையில் ஒரு நாடு, அதில் ஓர் ஊர், அதில் ஒரு திண்ணை, அதில் ஒரு பாய், அதன்மேல் நான். என்னில் தொடங்காமல், என்னில் வந்து முடிகின்றது. முடியும்போது நான் எவ்வளவு சிறியவன் என்பது விளங்குகின்றது. என் வீட்டு வேலிக்காக அண்டை வீட்டாரோடு நான் இட்ட வழக்கு எவ்வளவு சிறியது என்பதும் விளங்குகின்றது. செருக்கு உருகுவதற்கு இதனினும் சிறந்த கணக்குப் பாடத்தை யாம் கண்டதில்லை.

அதே படம் மற்றொன்றையும் கற்பிக்கின்றது. அத்தனை பெரிய உலகில் வீடுபேற்றுக்கு முயலத்தக்க இடம் இரண்டரைத் தீவுக்குள் அமைந்த கர்ம பூமிகளே. முயலத்தக்க பிறவி மனிதப் பிறவியே. நந்தீஸ்வரத்தைக் கண்ணால் காணும் தேவருக்கும் அது வாய்க்காது. சிறியவன் என்று நம்மைப் பணிவித்த அதே படம், கிடைத்தற்கரிய இடத்தில் நிற்கின்றாய், பொழுதை வீணாக்காதே என்றும் நம்மை எழுப்புகின்றது.

வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் திருப்பாதங்களை வணங்குகின்றோம். அவர் விதேக க்ஷேத்திரம் சென்று சீமந்தரப் பெருமானின் அறவுரை கேட்டுத் திரும்பினார் என்பது மரபு. பொன்னூருக்குப் பேருந்து உண்டு. விதேகத்திற்கு எந்தப் பேருந்தும் இல்லை. அங்கே போகும் வழி புலனடக்கத்திலும் தியானத்திலும் இருக்கின்றது. தூரத்தை யோஜனையாலும் அளக்க இயலாது.

புவிப்படத்தின் பின்னேயும் மனம் உண்டு

புவிப்படம் வெறும் அறிவு, அதில் ஆசைக்கு இடமில்லை என்று எண்ணிவிடலாகாது. கடலூரார் அறிந்த கதை ஒன்றுண்டு. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். சுற்றியுள்ள நிலத்திற்கு எல்லை வகுத்த முறை விந்தையானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு சென்று விழும் தொலைவு வரை உள்ள ஊர்கள் கம்பெனிக்குச் சொந்தம். புனித டேவிட் கோட்டை என்று பெயர்பெற்ற அக்கோட்டையைச் சூழ்ந்த அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது.

ஒரே கடலூரில் இரு படங்கள் எழுந்தன. ஒன்று, பரிக்கிரக ஆசையைப் பீரங்கியில் ஏற்றி வரைந்தது; எனது என்னும் எல்லை எதுவரை என்று கேட்டது. மற்றொன்று, பற்றைத் துறந்த முனிவர் வரைந்தது. நான் என்னும் எண்ணம் எத்துணைச் சிறிது என்று காட்டியது. படத்தைக் கையில் எடுப்பவரின் மனமே படத்திற்குப் பயன் தருகின்றது.

அந்த இரண்டு மணி நேரம்

இனி, அச்சிறுவனின் வினாவிற்கு வருவோம்.

அன்று காலை சுமார் ஆறரை மணிக்குச் சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அங்கிருந்து அலை நம் கரை சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. பௌர்ணமி அதற்குக் காரணமன்று. அந்த இரண்டு மணி நேரமும் தேவனாம்பட்டினத்துக் கரையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தனர்; தாய்மார் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். அலை வருகின்றது என்று அவர்களுக்குச் சொல்ல இந்தியக் கடற்கரையில் அன்று ஓர் ஏற்பாடும் இல்லை. 2007-ஆம் ஆண்டில்தான் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. கடலடியின் ஆழமும் வடிவும் காட்டும் சரியான படம் இன்றி அம்மையம் ஒரு நாழிகையும் இயங்காது.

பிச்சாவரத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. தில்லை என்னும் பெயரைச் சிதம்பரத்திற்குத் தந்த மரம் அந்த உப்பங்கழிக் காட்டில் இன்றும் நிற்கின்றது. அந்த அலையாத்திக் காட்டின் பின்புறம் அமைந்த சிற்றூர்கள் குறைந்த இழப்போடு தப்பின. வேர் ஊன்றிச் சேற்றில் நின்ற ஓரறிவு உயிர்கள் ஆறறிவு உயிர்களைக் காத்தன. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதல் இயல்பு என்று சூத்திரம் கூறும் கருத்துக்கு இதனினும் உரை வேண்டுமோ?

ஆகவே, குழந்தாய், நீ எங்கிருந்தாலும் கேள். நாககுமாரர் தாங்கும் கடல், தியானத்தில் அமர்வோர்க்கு ஆகமம் காட்டிய கடல். உன் தோழரைக் கொண்டுசென்ற கடல் தேவனாம்பட்டினத்துக் கடல். இரண்டையும் ஒன்றென உனக்குச் சொல்லிக்கொடுத்தது எமது பிழை. அந்தக் கரையில் தாங்கி நிற்க வேண்டியவர் தேவர் அல்லர், மனிதரே. எச்சரிக்கை தருவதும், காட்டை வெட்டாது காப்பதும், கரையோரத்தார்க்கு மேட்டு நிலத்தின் வழியைக் காட்டுவதும் நம் கடமை. மாண்டவரின் வினையை எடைபோடும் உரிமை எமக்கு இல்லை. நற்காட்சியின் அடையாளங்கள் நான்கனுள் ஒன்று அனுகம்பை. பிறர் துயரில் நடுங்கும் நெஞ்சம். அன்று எம்மிடம் நற்காட்சியின் சொற்கள் இருந்தன; அந்த நடுக்கம் இல்லை. உன்னிடம் இருந்தது. அதனால்தான் நீ கேட்டாய்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளுக்கு இரு படங்களையும் கற்பியுங்கள். ஒன்றை மற்றொன்றின்மேல் ஒட்டாதீர்கள். எங்கே இருக்கிறது என்று பிள்ளை கேட்டால் உலக உருண்டையைக் கொடுங்கள். எதற்காக வாழ்கிறோம் என்று கேட்டால் மேருவின் அடியில் அமர்த்துங்கள். உயிர்களைக் காக்கப் புறப்படும் கால்களுக்குச் சரியான புவிப்படம் வேண்டும். தவறான படம் வைத்திருப்பவனின் ஜீவதயை வழியிலேயே நின்றுவிடும். அக்கால்களைச் செலுத்தும் மனத்திற்கு நாவலந்தீவு வேண்டும். அது இல்லாதவனின் புவிப்படம் பீரங்கிக் குண்டின் எல்லையைத்தான் தேடும்.

விடை தெரியாத வினாவைப் பிள்ளை கேட்டால், தெரியவில்லை என்று கூறுங்கள். அச்சொல்லால் எந்தச் சமயமும் சிதைந்ததில்லை. உட்கார் என்ற சொல்லால் ஒரு பிள்ளையை யாம் இழந்தோம்.

அடுத்த நந்தீஸ்வர வழிபாட்டில் அந்தச் சிறு உலோக வடிவத்தின் முன் கைகூப்பும்போது, செல்ல இயலாத தீவை ஒரு கணம் நினையுங்கள். பின்னர், நடந்தே செல்லத்தக்க தொலைவில் இருக்கும் ஒரு குடிசையையும் நினையுங்கள். முதல் நினைவு மனத்தைத் தூய்மை செய்யும். இரண்டாவது நினைவு அத்தூய்மைக்கு வேலை தரும்.

அறம் வெல்க! எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!